ரங்கராஜின் கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னகிருஷ்ணன் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார். டிவியில் வரப்போவது வியாழக்கிழமையே பிடித்துக்கொண்டு போன படம், இன்றைக்கு முகத்தை வழித்து அதில் ஒன்றும் மாறாது என்று ராமாமணி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை.

"பத்து மணிக்குப் போடறாங். உன்ற தம்பிய வரச்சொல்லிப்போட்டியா?"

"வாரான். நாளைக்குப் பேச்சுவார்த்தைய வெச்சுக்கிட்டு அவனுக்கு இன்னிக்கு இதுதான் வேலை."

"அவனப் பத்தியும் சொல்லியிருக்கறேன் அம்மணி. பாத்தான்னா சந்தோசப்படுவான்."

ராமாமணி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததைக் கழுவிக் காயவைத்து அவருக்குத் தர வேண்டும். அவருடைய ஆட்டத்துக்குப் பணயம் புளியங்கொட்டைதான். காசு வைத்து ஆடியதே இல்லை என்பதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

ஊர் முழுக்க ரம்மி ஆடியபோது இவர் மட்டும் போக்கரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். போத்தனூர் ரயில்வே காலனியில் ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். அதன்பிறகு சீட்டில் ஒன்றுமில்லை, எதிராளியின் முகத்தில்தான் எல்லாம். நல்ல சீட்டு இல்லாதவனும் இருக்கிறமாதிரி உதார் விட்டு மற்றவர்களைப் பயமுறுத்தி ஜெயிக்கலாம். அந்த உதாரைக் கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது சென்னகிருஷ்ணனின் எண்ணம்.

இன்று மத்தியானம் அவர் வீட்டில் பெரிய ஆட்டம். காலனியிலிருந்து இரண்டு டிரைவர்கள் வருகிறார்கள். மதுக்கரையிலிருந்து அக்பர் அலி வருகிறார். காலையில் டிவி, மத்தியானம் ஆட்டம். வேலை போன மனிதர் இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பதினைந்து நாளாகத் திட்டம் போட்டு வைத்திருந்தார்.

வேலை போய் ஒரு மாதமாகிறது. பவுண்டரியில் உருகிய இரும்பைத் தூக்குகிற சங்கிலியில் ஒரு கண்ணி விரிந்திருந்தது. அதை மாற்றாமல் அதற்கடியில் நிற்க மாட்டோம் என்று அச்சுப் பிடிக்கும் மோல்டர்கள் நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் நின்றவர் சென்னகிருஷ்ணன். சங்கிலி இன்னும் அங்கேயே தொங்குகிறது. நால்வர்தான் வெளியே.

அவர்களுக்காகப் பவுண்டரி ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். மணலையும் எண்ணெயையும் பிசைந்து அச்சுக்கு உள்கூடு பிடிக்கும் கோர் ஷாப் பெண்களும் நிறுத்தினார்கள். ராமாமணி அவர்களில் ஒருத்தி. ஆனால் முதலாளி அசையவில்லை. வார்ப்பை வெளியில் வாங்கி, மதுக்கரையில் இருக்கும் தன்னுடைய இன்னொரு யூனிட்டில் கடைசல் பிடித்து, பம்ப்செட்டுகளை வழக்கம்போல லாரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

நான்கு பேரையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மதுக்கரையும் நிற்கும் என்று யூனியன் செயலாளர் ரங்கராஜ் சொல்லியனுப்பிய பிறகுதான் முதலாளி பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார். நாளைக் காலை பத்தரை மணி.

மதுக்கரை நிற்காது. அங்கே தொழிலாளர்களுக்குத் தலைவர் அக்பர் அலி. முடியாது என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். அது அவருக்கும் ரங்கராஜுக்கும் ராமாமணிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சென்னகிருஷ்ணனிடம் சொல்லவில்லை. அவர் வாயில் எதுவும் தங்காது.

ரங்கராஜ் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தான். ராமாமணிக்கு நேரே இளையவன். கல் மாதிரி முகம். அந்த முகத்தை நம்பித்தான் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

"வா மாப்ள, உக்காரு."

"வாரனுங் பாவா."

அக்காள் புருஷனை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான். அந்த வீட்டில் தெலுங்கு தேய்ந்து மிஞ்சியிருந்த சில சொற்களில் அது ஒன்று.

டிவியில் உள்ளூர் கேபிள்காரர்களின் 'நம்ம ஊரு மொகம்' ஆரம்பித்தது. கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் மைக்கோடு வந்தான். பின்னால் திரைக்குப் பதிலாகத் தன்னுடைய போர்வையைக் கட்டியிருப்பதை ராமாமணி பார்த்தாள். படம் பிடித்த அன்று அவள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"சீட்டுல செயிக்கறதுக்கு என்ன ரகசியமுங்ணா?"

டிவியில் இருந்த சென்னகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "சீட்டப் பாக்கறவன் தோப்பானுங். ஆளப் பாக்கோணும்."

"ஒரு உதாரணம் சொல்லுங்ணா."

"எங்கூட ஆடறவரு மதுக்கரை அக்பர் அலி பாய். கையில மூணு ராசா இருந்தாலும், எதுத்தாப்புல ஒருத்தன் சத்தமாப் பேசுனா சீட்ட மடக்கிப்போடுவாரு. தங்கமான மனுசன். பயம் மட்டும் சித்த எச்சு."

கோட்டுக்காரன் சிரித்தான். இங்கே நாற்காலியில் இருந்த சென்னகிருஷ்ணனும் சிரித்தார். ராமாமணியின் கையில் புளி அப்படியே நின்றது.

"அப்பறம் என்ற மச்சினன் ரங்கராஜு. யூனியன் செக்ரட்டரி. மொகத்துல ஒண்ணும் தெரியாதுங். ஆனாக் கையில சரக்கு இல்லாம உதார் உடறப்ப மட்டும் கைக்கடியாரத்துக்குச் சாவி குடுப்பாப்ல. காத்தாலதான் குடுத்திருப்பாரு, மறுக்காவும் குடுப்பாரு. அதப் பாத்துப்பாத்தே இத்தன வருசமா அவரத் தோக்கடிச்சுட்டு இருக்கறனுங்."

"யூனியன் பேச்சுவார்த்தைக்கும் அதே வாட்சுதானுங்களா?"

"அவருகிட்ட இருக்கறதே ஒண்ணுதானுங்க."

மறுபடியும் சிரிப்பு. ராமாமணி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. வலது கை விரல்கள் மட்டும் இடது மணிக்கட்டில், கடிகாரத்தின் சின்னத் திருகைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"கடேசியா ஒண்ணுங்ணா. ஊட்டுக்காரம்மா கையையும் படிச்சுருவீங்களா?"

டிவியில் இருந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். "அது மட்டும் இன்னிவரைக்கும் முடியலீங்."

பாட்டுப் போட்டு முடித்தார்கள். சென்னகிருஷ்ணன் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"எப்பிடி மாப்ள?"

ரங்கராஜ் எழுந்து டிவியை அணைத்தான்.

"பாவா, நாளைக்கு நான் யாரு முன்னாடி போயி உக்காரப்போறேன்னு தெரியுங்களா?"

"தெரியாம? மொதலாளி முன்னாடி."

"அவரு ஊட்டுல டிவி இருக்குதுங்களா?"

சென்னகிருஷ்ணனுக்கு இப்போதுதான் ஏதோ உறைத்தது. ஆனால் முழுசாக இல்லை. "அவரு பெரிய எடம். இதையெல்லாம் எங்க பாக்கறாரு. பாத்தாத்தான் என்ன? சரக்கு இல்லாதப்பத்தான உனக்கு அந்தப் பளக்கம். நாளைக்குத்தான் மதுக்கரையே உன்ற கையில இருக்குதே. அப்பறம் வாட்சு என்ன பண்ணும்?"

ரங்கராஜ் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். சென்னகிருஷ்ணன் அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்தார். அவர் பார்ப்பதை ராமாமணி பார்த்தாள்.

"ரங்கா, வெறகு ரெண்டு பொளக்கோணும். பொறகால வா."

துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். விறகு அங்கே ஏற்கெனவே பிளந்து அடுக்கியிருந்தது.

"உனக்கே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா. கை பாட்டுக்குப் பண்ணியிருக்குது."

"நாளைக்கு வாட்சக் கட்டாமப் போ."

"வெறுங்கையோட போனா இன்னும் மோசம். வாட்சு எங்கப்பான்னு மொதலாளி கேப்பாரு. கூட இருக்கறவன் சிரிப்பான்."

"கட்டீட்டுப் போயி அதத் தொடாம இரு."

"ரெண்டு மணி நேரம் பேசோணும்க்கா. தொடக்கூடாது தொடக்கூடாதுன்னு நெனச்சுட்டே இருந்தா நான் எங்க பேசறது?" அவன் கல்லில் ஒரு உதை விட்டான். செருப்புக் கழன்று தூரப் போய் விழுந்தது. "அந்த நாலு பேத்துல இவரும் ஒருத்தரு. இவருக்காகத்தான் நான் உதார் உட்டுட்டுத் திரியறேன். இவரே போயி டிவியில."

"அவருகிட்ட மொதல்லயே சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருந்தா அதையும் சேத்திச் சொல்லியிருப்பாரு."

அவன் ஒற்றைச் செருப்போடு நொண்டிப் போய் மற்றதை மாட்டிக்கொண்டு, கமிட்டியைக் கூட்ட சைக்கிளில் கிளம்பினான்.

மத்தியானச் சோற்றை அவள் தட்டில் போட்டுத் தள்ளினாள். அவர் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் மேசையை நடுவில் இழுத்துப் போட்டார். அக்பர் அலியின் தம்பி துபாயிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு அந்த வீட்டில்தான் இருந்தது. அதை எடுத்து நடுவில் வைத்தார். நான்கு கிண்ணங்களில் புளியங்கொட்டையைச் சமமாகக் கொட்டினார்.

மூன்று மணி ஆயிற்று. யாரும் வரவில்லை.

"டூட்டி போட்டிருப்பாங்களாட்ட இருக்குது" என்றார் டிரைவர்களைப் பற்றி. காலனி இரண்டு தெரு தள்ளித்தான். டிரைவர்களில் ஒருவர் தன் வீட்டு வாசலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்ததை அவள் கடைக்குப் போகும்போது பார்த்திருந்தாள். பார்த்ததும் அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இனி சென்னகிருஷ்ணனோடு சீட்டு ஆடுகிறவன் ஒவ்வொருத்தனும் தன்னைப் பற்றி அவர் எதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாரோ, எங்கே போய்ச் சொல்வாரோ என்று கையைக் காலை ஒளித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அப்படி உட்கார யாருக்குத் தலையெழுத்து?

ஒரே ஒருத்தன் வந்தான். கோட்டு இல்லாமல் அவனை அடையாளமே தெரியவில்லை. பேட்டி எடுத்த கேபிள்கார இளைஞன்.

"ஏனுங்ணா, பட்டயக் கௌப்பிப்போட்டீங். ஆபீசுக்கு ஒரே போனு. பொழுதோட ஆறரைக்கு மறுக்காவும் போடறம்."

சென்னகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது. "யாரு யாரு பேசுனாங் கண்ணு?"

"பெரிய பெரிய ஆளெல்லாமுங். உங்க கம்பெனி சூப்பர்வைசரே நேர்ல வந்தாருங்ணா. மொதலாளி பாக்கோணுமாம், கேசட்டு ஒண்ணு குடுன்னாரு. போட்டுக் குடுத்துட்டேன். வெளிய அனுப்புனவங்களையே எப்பிடி மதிக்கறாங்க பாருங்க."

அவன் நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தில் இருந்தான். ஒரு கிண்ணத்திலிருந்து புளியங்கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தான். அடுத்த வாரம் கோழிச் சண்டைக்காரர் ஒருவரைப் பேட்டி எடுக்கப்போவதாகச் சொன்னான். சென்னகிருஷ்ணன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவன் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கேசட்டு வாங்கீட்டுப் போயிருக்கறாங்" என்றார் கடைசியில்.

"கேட்டுச்சு" என்றாள் ராமாமணி.

"அம்மணி, நான் வேணும்னு."

"வேணும்னு பண்ணியிருந்தா ரெண்டு போடு போட்டுப்போட்டு வேலையப் பாத்திருப்பேன். இத என்னன்னு போடறது?"

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. அக்பர் அலி. அவர் வண்டியை நிறுத்தினாரே தவிர இறங்கவில்லை. சென்னகிருஷ்ணன் எழுந்து ஓடினார்.

"வாங் பாய், உங்களத்தான் பாத்துட்டு இருக்கறேன்."

"நாயுடு, நான் ஆட வரலீங். என்ற சீட்டுக்கட்ட எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சென்னகிருஷ்ணன் அப்படியே நின்றார். ராமாமணி மேசையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நீங்க உள்ள போங்க" என்றாள் புருஷனிடம். அவர் மறுபேச்சில்லாமல் போனார்.

"எறங்கி ஒருவாய் டீ குடிங்ணா."

"வேண்டாம் தங்கச்சி. காத்தால டீக்கடையிலயே வகுறு நெறஞ்சுபோச்சு. எங்க யூனிட்டு ஆளுங்க என்னப் பாத்ததும் டேபிளுல ஓங்கித் தட்டறானுங்க. தட்டிப்போட்டு, அண்ணன் மடக்கிப்போட்டாரா பாருடாங்கறான் ஒருத்தன். இருவது வருசமா என்ன அண்ணன்னு கூப்புட்டவன்."

"அவரு பேசுனது தப்புங்ணா. உங்களப் பத்தி நடுத்தெருவுல சொல்லியிருக்கக்கூடாது."

"தப்பு மட்டுங்களா?"

"பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்."

அக்பர் அலி நிமிர்ந்து பார்த்தார். அவருடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்த தழும்புகள். மதுக்கரைக்கு மாற்றலாகிப் போவதற்கு முன்னால் அவரும் இந்தப் பவுண்டரியில் இரும்பு ஊற்றியவர்தான்.

"அந்தச் சங்கிலிக்கு அடியில நீங்களும் நின்னவருங்ணா" என்றாள்.

"அப்ப கண்ணி விரியல."

"விரிஞ்சிருந்தா நின்னிருப்பீங்களா?"

அவர் ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தார். வண்டி உறுமி அடங்கியது.

"எங்கிட்ட நூத்துச் சொச்சம் பேரு இருக்கறான். ஒருத்தனுக்குப் புள்ளைக்குக் கலியாணம். ஒருத்தனுக்கு ஊடு பாதிக் கட்டி நிக்குது. வெளிய வாங்கடான்னு நான் சொல்லி, மொதலாளி கதவச் சாத்திப்போட்டார்னா, அவனுங்க பொண்டாட்டி புள்ளையோட என்ற வாசல்லதான் வந்து நிப்பானுங்க. அதுக்குப் பேரு பயம்னா, ஆமா, பயந்தான்."

"நியாயந்தானுங்ணா. இங்க அந்த நாலு ஊட்டுக்காரிகளும் என்ற வாசல்ல நிக்கறாளுங்க. அதுல ஒருத்தி நானே."

தூரத்தில் எஞ்சின் ஒன்று பெட்டிகளை மோதிக் கோக்கிற சத்தம் கேட்டது. அவள் சீட்டுக்கட்டை நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ற பேரச் சொல்லித்தான் உங்க தம்பி உதார் உட்டுட்டு இருக்கறாப்ல. அது பொய்யின்னு இத்தன நாளும் நான் யாருகிட்டயும் போயிச் சொல்லல. நாளைக்கும் சொல்ல மாட்டேன். எங்கிட்ட அவ்வளவுதான் கேக்கலாம்."

"அதுக்கு மேல?"

"காத்தால மொத ஷிப்டுக்குப் போவேன். அதுக்கு மேல என்ன பண்ணுவேன்னு, கம்பெனி கேட்டுக்கு முன்னாடி நிக்கறப்பத்தான் எனக்கே தெரியும்."

மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ரங்கராஜ் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அந்தக் கல் முகத்திலேயே திட்டு வாங்கியது தெரிந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே சைக்கிளைச் சாய்த்து வைத்தான்.

"சூப்பர்வைசரு கேசட்டு வாங்கீட்டுப் போன கதை கமிட்டிக்கு எனக்கு முன்னாடியே போயிருச்சுக்கா. மதுக்கரை உதாருன்னு ஒத்துக்க வேண்டியதாப்போச்சு. நான் போகக்கூடாதுன்னுட்டாங்க."

"அப்பறம் யாரு போறது?"

"பேசத் தெரிஞ்சவங்க இன்னும் ரெண்டு பேருதான். ரெண்டு பேரும் பாவாகூடச் சீட்டாடறவங்க. எங்களப் பத்தி என்னென்ன தெரிஞ்சு வெச்சிருக்கறாரோ, யாருகிட்ட என்ன சொன்னாரோன்னு பின்வாங்கீட்டாங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கடேசியா உங்க கோர் ஷாப்பு பொம்பளைங்கதான் சொன்னாங்க. அவரே டிவியில ஒருத்தர மட்டும் படிக்க முடியலீன்னாரே, அவங்கள அனுப்புங்கன்னு."

ராமாமணி குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஒருத்தரு வாயி நிக்காது. ஒருத்தனுக்குக் கை நிக்காது. நடுவுல நான் போயி மொதலாளி மூஞ்சியப் பாத்து, இல்லாதத இருக்குதுன்னு சொல்லோணுமா?"

"வேற வழி இல்லக்கா."

"பத்தாப்பு கூடப் படிக்காதவ நான். மணல் பெசையறவ. என்னால முடியாது ரங்கா."

"மூணு வாரமா இந்த ஊட்டுக்குள்ள அதத்தானக்கா பண்ணீட்டு இருக்கற."

அவள் அவனை அறைந்துவிடுவாள் போலப் பார்த்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை. தினமும் ராத்திரி சோறு போடும்போது, மதுக்கரைக்காரங்க நம்ம பக்கந்தானே என்று அவர் கேட்பார். ஆமாங்க என்று சொல்லிக் குழம்பை ஊற்றுவாள். நிம்மதியாகச் சாப்பிடுவார். அவருக்குச் சோறு இறங்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அதெல்லாம் நாளைக்கான ஒத்திகை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"பத்தரைக்கு. நானும் கூட வருவேன். கேட்டுக்கு வெளிய நிப்பேன்."

"வாட்சக் கட்டீட்டு வராத."

அவன் போனான். அவள் உள்ளே வந்தாள். முன்னறையில் விளக்குப் போடாமல் சென்னகிருஷ்ணன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான்கு கிண்ணங்களும் அப்படியே இருந்தன. நடுவில் சீட்டுக்கட்டு இருந்த இடம் காலி. வாசலில் பேசியதில் எவ்வளவு அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு டிவியில் மறு ஒளிபரப்பு ஆரம்பித்துவிட்டது. சுவரைத் தாண்டி அவருடைய குரலே அவருக்குக் கேட்டது. சீட்டப் பாக்கறவன் தோப்பானுங். அவர் கையை எடுத்து ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

ராமாமணி விளக்கைப் போட்டாள். டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்து, கிண்ணங்களிலிருந்த புளியங்கொட்டைகளை அதற்குள் எடுத்துப்போட ஆரம்பித்தாள்.

"பாய் சீட்ட எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார்.

"ஆமாங்."

"மாப்ள காத்தால பாக்கெட்டுக்குள்ள கைய உட்டுக்கிட்டான்."

அவள் அடுத்த கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் சொல்லு அம்மணி. எங்க நாலு பேத்துக்கும் வேலை திரும்புமா திரும்பாதாங்கறது அது ஒண்ணுலதான் நிக்குது. மதுக்கரைக்காரங்க நம்ம பக்கம் நிக்கறாங்களா?"

ராமாமணி நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

"நிக்கறாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். கழுத்தை, தோளை, கையைப் பார்த்தார். பதினைந்து வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஒவ்வொருத்தனிடமும் எதைத் தேடினாரோ அதையெல்லாம் தேடினார். கொட்டைகள் டப்பாவுக்குள் ஒவ்வொன்றாக ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் அவர் குரல் சொன்னது: அது மட்டும் இன்னிவரைக்கும் முடியலீங். அங்கே எல்லோரும் சிரித்தார்கள்.

"செரி" என்று சொல்லிவிட்டு அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

ராமாமணி டப்பாவை மூடினாள். நாளைக்கு முதலாளியின் ஏ.சி. அறையிலும் தன் முகத்தை இவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.